நாலு கதவு டப்பா

பிள்ளைகளே, பள்ளிக்கூடத்துக் கண்காட்சி மலருக்குப் பெற்றோர் ஒருவர் எழுதித் தர வேண்டும் என்று உங்கள் டீச்சர் என் மகளிடம் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார். ‘பேரிடரும் பாதுகாப்பும் – உங்கள் சிறுவயது அனுபவம், இரண்டு பக்கத்துக்கு மிகாமல்’ என்று அதில் இருந்தது. நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் ஓட்டுகிற மிஷினில் நிற்கிறேன். அடுத்தவர் எழுதியதை மூட்டை மூட்டையாக அச்சடித்திருக்கிறேனே தவிர, சொந்தமாக எழுதிப் பழக்கமில்லை. இரண்டு பக்கத்துக்குள் இது நிற்குமா என்றும் தெரியாது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் யார் பெயரும் வராது. சித்தி, சார், போர்மேன் என்றுதான் எழுதுவேன். ஒருவர் பெயரைத் தாளில் எழுதுவதென்றால் எனக்கு இன்றைக்கும் கை நின்று நின்றுதான் போகும். ஏன் என்பது போகப் போக உங்களுக்கே தெரியும்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆடி மாதம். ஆடிக்காற்று உங்களுக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு இத்தனை வீடு இல்லை, மறிப்பதற்கு ஒன்றும் இல்லை. மேற்கே இருந்து கிளம்பினால் கரிசல்காடு முழுவதையும் வாரிக்கொண்டு வந்து எங்கள் சோற்றுத் தட்டில்தான் போடும். பல்லில் மண் நெறுநெறுக்காமல் அந்த மாதத்தில் நாங்கள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. தீபாவளிக்கு வேலை மும்முரமாக ஓடுவதும் அந்தக் காற்றுக் காலத்தில்தான்.

எங்கள் ஊரில் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். அம்மாவின் தங்கச்சி, என் சித்தி, பட்டாசு ஆபீசுக்குப் போனாள். அடுத்தடுத்த வீடு. சித்தப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்காகும். சித்திக்கு ஒரே மகள், என்னைவிட இரண்டு வயது இளையவள். என் தங்கச்சி என்றுதான் அவளைச் சொல்வேன்.

சித்திக்குப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. மருந்தில் அலுமினியப் பவுடர் கலந்திருக்கும். சாயந்திரம் வேனை விட்டு இறங்கும்போது சித்தி வெள்ளியில் வார்த்த மாதிரி இருப்பாள். குளித்த பிறகும் காது மடலுக்குப் பின்னால், நகக்கண்ணில், உள்ளங்கை ரேகையில் வெள்ளி நிற்கும். எந்தச் சோப்புக்கும் அது போகாது. அவள் குடத்தைத் தூக்கினால் குடத்தில் கை தெரியும். என் கன்னத்தைக் கிள்ளினால் கன்னத்தில் விரல் தெரியும்.

ஒரு தடவை தங்கச்சியின் மார்க் கார்டில் கையெழுத்துப் போட்டபோது கார்டு பூராவும் வெள்ளி ரேகை. "இதென்ன மார்க் கார்டா, மத்தாப்புப் பெட்டியா?" என்று அவளுடைய டீச்சர் வகுப்பில் எல்லோரும் சிரிக்கும்படி கேட்டுவிட்டார். அன்றிலிருந்து சித்தி தாளைத் தொட மாட்டாள். "ஏலே, உன் கையெழுத்து முத்துமுத்தா இருக்கும்லா, நீயே போட்டுரு" என்பாள். சித்தப்பா வடக்கே இருக்கும்போது அவருக்குக் கடிதம் எழுதுவதும் நான்தான். அடுப்புப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சித்தி சொல்லச் சொல்ல எழுதுவேன். கடைசியில் அவள் பெயரை எழுதி, கடைசி எழுத்தில் ஒரு சுழி சுழித்துக் கீழே இழுத்து விடுவேன். எங்கள் தெருவில் இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. கை வெள்ளியாக இருக்கிற வீடுகளில் எல்லாம் பிள்ளைகள்தான் கையெழுத்து.

அந்த ஆடியில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அறிவியல் வண்டி வந்தது. நீலப் பெயின்ட் அடித்த பெரிய வண்டி. பேரிடர் பற்றிப் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற கண்காட்சி. ஐந்து நாள் மைதானத்தில் நிற்கும் என்றார்கள். கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. பலகையைத் தள்ளினால் தண்ணீர் எழும்பிப் போய்க் கரையில் வைத்திருக்கிற அட்டை வீடுகளைச் சாய்க்கும். ஒரு மேடை இருந்தது. ஏறி நின்று பொத்தானை அமுக்கினால் காலுக்குக் கீழே பூமி நடுங்கும். ஒரு குழாய்க்குள் புயல் சுற்றியது. ஒரு மலையின் வாயில் சிவப்பு பல்பு எரிந்து புகை வந்தது. எல்லாவற்றுக்கும் பொத்தான். நாமே அமுக்கிப் பார்க்கலாம், யாரும் கையைத் தட்டிவிட மாட்டார்கள். அந்த வயதில் எங்களுக்கு அதுதான் பெரிய அதிசயம்.

இப்போது நினைத்தால் எரிச்சல் வருகிறது. கடலை நான் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகு, திருச்செந்தூரில். எரிமலையை இன்னும் பார்க்கவில்லை. எங்கள் ஊருக்கு வராத ஆபத்துக்கெல்லாம் அந்த வண்டியில் பொத்தான் இருந்தது. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிகிற தகரக் கூரைகளைப் பற்றி ஒன்றும் இல்லை.

அதை எங்கள் அறிவியல் சார் கவனித்திருக்கிறார். வெளியூர்க்காரர், வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வண்டி வந்த அன்று ராத்திரியே ஒரு சதுர பிஸ்கட் டப்பாவை எடுத்து, நாலு பக்கமும் கதவு மாதிரி வெட்டிக் கீல் வைத்து, மருந்து அறை ஒன்றைச் செய்து கொண்டுவந்துவிட்டார். மூடிதான் கூரை. அடியில் சைக்கிள் பம்பின் குழாய். உள்ளே இரண்டு ஸ்பூன் முகப்பவுடர். நாலு கதவும் திறந்திருக்கும்போது பம்பை ஓங்கி அடித்தால் நாலு பக்கமும் புஸ்ஸென்று பவுடர் வெளியே போகும், மூடி அசையாது. கதவை எல்லாம் அடைத்துவிட்டு அடித்தால் டப்பென்று மூடி ஆள் உயரத்துக்குப் பறக்கும். மருந்து அறைக்கு நாலு கதவு வைக்கிறது எதற்கு, வேலை நேரத்தில் அதை ஏன் அடைக்கக் கூடாது என்பதுதான் பாடம்.

என் குரல் கணீரென்று இருக்கும் என்று டப்பாவுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல என்னைப் போட்டார். "வணக்கம். இது நான்கு கதவுகள் கொண்ட பாதுகாப்பான அறையின் மாதிரி" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் சொல்வேன். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

முதல் நாள் இரண்டு விதமாகவும் காட்டினேன். கதவைத் திறந்துவைத்துக் காட்டும்போது, "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் பையன்கள் நிலநடுக்க மேடைக்கு ஓடினார்கள். அடைத்துவிட்டுக் காட்டினால் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று நின்றார்கள். மூடி பறந்து எல்லோர் முகத்திலும் பவுடர் கொட்டும். வெள்ளை வெள்ளையாக ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டாம் நாளே நான் திறந்த கதவைக் காட்டுவதை விட்டுவிட்டேன். மூடியைப் பறக்க விடுவதுதான் என் வேலை என்று ஆகிவிட்டது. கூட்டம் என் பக்கம் சேர்ந்ததில் எனக்குப் பெருமை வேறு. திறந்த கதவில் பார்க்க ஒன்றும் இல்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அதில் பார்க்க வேண்டியது என்று எனக்கு யார் சொல்லியிருந்தாலும் அன்றைக்குப் புரிந்திருக்காது.

ஆனால் ஒன்று புரிந்தது. அன்று சாயந்திரம் சித்தி வீட்டு வாசலில் குத்தவைத்துத் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "சித்தி, உன் ரூம்ல நாலு கதவும் திறந்துதான் கிடக்குமா?" என்று கேட்டேன்.

"ஏன், நீ ரெய்டு வரப் போறியா?"

"சொல்லு சித்தி."

"மூணு திறந்திருக்கும். மேக்குக் கதவ அட்டைப் பெட்டிய அடுக்கி அடைச்சு வச்சிருக்கோம். அடைக்காட்டி இந்தக் காத்துக்கு மருந்து பூராம் பறந்து போயிரும்லே. பறந்த மருந்துக்கு யாரு பதில் சொல்றது? அந்தப் பெட்டிச் சுவத்துல சரக்கை வேற அடுக்கி, தெக்குக் கதவும் பாதிதான் திறக்கும்."

"அடைக்கக் கூடாதாம் சித்தி. அடைச்சா கூரை போயிருமாம்."

"இவரு பெரிய இன்ஸ்பெக்டரு" என்று சிரித்தாள் சித்தி. "எம்புட்டு வருசமா ஆடிக்கு அடைச்சு ஆவணிக்குத் திறக்கோம். கூரை அங்கனதான் இருக்கு."

நான் விடவில்லை. டப்பாவைப் பற்றி, பம்பைப் பற்றி எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, சிரிப்பை விட்டுவிட்டுப் பேசினாள்.

"இங்க பாருலே. நீ சொன்னேன்னு நான் போர்மேன்ட்ட போய்ச் சொன்னா, சின்னப் பய பேச்சுன்னு துரத்திருவாரு. ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல இருந்து எல்லாரையும் வேன்ல கூட்டிட்டு வாறாகளாம். நான் வாறேன். என் கண்ணால பாத்துக்கிடுதேன். பாத்துட்டேன்னா அப்புறம் நான் அவருட்ட மல்லுக்கு நிப்பேன். மேக்காம ஒரு தட்டி கட்டிக் குடு, கதவை அடைக்க மாட்டேன்னு சொல்லுவேன். மத்தவளுகளும் பாத்திருப்பாளுகல்லா, கூட நிப்பாளுக."

சித்தி மல்லுக்கு நிற்பவள்தான். கக்கூஸ் கட்டித் தரச் சொல்லி அந்த ஆபீசில் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தவள். அதனால் அவள் சொன்னதை நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவள் பார்த்துவிட்டால் போதும், திங்கட்கிழமை அந்தக் கதவு திறந்துவிடும் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேன் வந்தது. ஒரு வேன்தான். இருபது பேர் இருப்பார்கள். நல்ல சேலை கட்டி, பூ வைத்து, திருவிழாவுக்கு வந்த மாதிரி வந்தார்கள். நிலநடுக்க மேடையில் நாலு பேர் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். "அடியே, எம் மாமியா நடந்து வந்தாலே இப்படித்தான்டி ஆடும்" என்று ஒருத்தி சொல்ல, மேடையே சிரிப்பில் ஆடியது. என் டப்பாவுக்கு வந்தார்கள். நான் மூடியைப் பறக்க விட்டேன். பூ வைத்த தலையிலெல்லாம் பவுடர். போட்டோ எடுத்தார்கள். "நம்ம ரூம் மாதிரியே இருக்குடி" என்று ஒரு அக்கா மட்டும் சிரிக்காமல் சொன்னாள். திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

அந்தக் கூட்டத்தில் சித்தி இல்லை.

போர்மேன் கையில் ஒரு நீள நோட்டோடு வந்தார். எனக்குத் தெரிந்தவர்தான், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். மேலே ஒருவர் கேட்டதைக் கீழே இருந்து முடித்துக் கொடுக்கிறவர்.

"ஏலே, நீ முத்துமுத்தா எழுதுவியாமே. இந்தா, இந்தப் பட்டியலைப் பாத்துப் பேரை வரிசையா எழுதிரு. பக்கத்துலயே கையெழுத்தும் போட்டுரு. இவளுகட்ட ஒவ்வொருத்தியாப் பேனாவைக் குடுத்து வாங்கினா பொழுது விடிஞ்சிரும்."

நோட்டின் தலைப்பில், ‘கண்காட்சியைப் பார்த்துப் பாதுகாப்பு முறைகளை விளங்கிக்கொண்டேன்’ என்று எழுதியிருந்தது. பட்டியலில் இருந்தது, வந்த இருபது பேர் மட்டும் இல்லை. சித்தி பெயரும் இருந்தது.

"சித்தி வரலையே" என்றேன்.

"அவ ரூம்ல ஆர்டர் நிக்குது. லோடு ஏத்திட்டு அடுத்த வேன்ல வந்துருவாக. முன்னப் பின்ன ஆகும், நீ எழுது."

எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு மாதிரி கையெழுத்து, பேனாவைச் சாய்த்து ஒன்று, நிமிர்த்தி ஒன்று. சித்தி பெயர் வந்தபோது எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிற கையெழுத்து. பெயரை எழுதி, சுழித்துக் கீழே இழுத்தேன். போர்மேன் பார்த்துவிட்டு, "பெரிய கிளார்க்காத்தான் வருவே" என்றார். எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். இஞ்சிக் கலர். அதன் வாசம் இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்.

அடுத்த வேன் வரவில்லை. நாலு மணிக்கு அறிவியல் வண்டிக்காரர்கள் தொட்டித் தண்ணீரை வேப்ப மரத்தடியில் ஊற்றிவிட்டு, மேடையைக் கழற்றி ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். சார் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

சாயந்திரம் சித்தி வந்ததும் ஓடினேன். "ஏன் சித்தி வரலை?"

"எங்க விட்டாக. லோடு ஏறுறதுக்கே அஞ்சு மணி ஆயிட்டு."

"உன் கையெழுத்தை நானே போட்டுட்டேன்."

சித்தி சிரித்தாள். "அப்ப நானும் பாத்தவதான். போ, பாஸாயிட்டேன்" என்றாள்.

"கதவு?"

"இன்னும் எம்புட்டு நாளு. ஆவணி பிறந்தாக் காத்து அடங்கிரும். திறந்துக்கிடுவோம்லே." கையைக் கழுவிவிட்டு வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. என் வேலையை நான் முடித்துவிட்ட மாதிரிதான் எனக்கு இருந்தது. நோட்டில் எழுதியாகிவிட்டது அல்லவா.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம், வகுப்பில் கரும்பலகை சுவரோடு ஒருதரம் அதிர்ந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. யாருடைய அம்மா எந்தத் திசையில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று ஒவ்வொருவரும் அந்த நொடியில் திரும்பிப் பார்ப்போம். கிழக்கே என்றால் மேற்குப் பக்கத்துப் பிள்ளைகள் உட்கார்ந்துகொள்வார்கள். அன்றைக்கு மேற்கே. நான் எழுந்தேன். ஐந்தாம் வகுப்பில் இருந்து தங்கச்சி ஓடி வந்தாள்.

அறிவியல் வண்டியில் ஒட்டியிருந்த படத்தில், ஆபத்து எங்கே நடந்தாலும் அந்த இடத்துக்கு எதிர்த் திசையில் விலகிப் போக வேண்டும் என்று இருந்தது. எங்கள் ஊர் மொத்தமும் புகையைப் பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. காலில் செருப்பில்லாமல், மாவுக் கையோடு, பாதிச் சவரத்தோடு. வீட்டு ஆள் உள்ளே இருக்கும்போது எதிர்த் திசை என்று ஒன்று உண்டா?

வேலிக்கு இந்தப் பக்கமே எங்களை மறித்துவிட்டார்கள். பக்கத்துச் சோளக்காட்டில் ஒரு கூரைத் தகரம் கிடந்தது. முழுசாக, ஒரு ஒடுக்குக்கூட இல்லாமல், யாரோ தூக்கிக்கொண்டு வந்து வைத்த மாதிரி. அதற்கு மேல் அன்றைய நாளைப் பற்றி உங்களுக்கு எழுத மாட்டேன். சித்தி அறையில் நாலு பேர். கிழக்குக் கதவோரம் இருந்த ஒருத்தி மட்டும் பிழைத்தாள், அவளுக்கும் காது போய்விட்டது.

சித்தப்பா மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஊர்ச் சாவடியில் மேசை போட்டு ஒரு கவர்ன்மென்ட் ஆபீசர் விசாரித்தார். சித்தப்பா முன்னால் நின்றார். நானும் தங்கச்சியும் தூணோரம் நின்றோம்.

"ரெண்டு கதவை அடைச்சு வச்சிருந்திருக்காங்க. அதான் இவ்வளவு சேதம்" என்றார் ஆபீசர்.

"மேக்காத்துக்கு எல்லா ரூம்லயும் அடைக்கத்தான் செய்றாக சார். அடைக்கக் கூடாதுன்னு அவளுக்கு யாரு எடுத்துச் சொன்னா?" என்றார் சித்தப்பா.

"சொல்லாம என்னண்ணே?" என்றார் போர்மேன். "கண்காட்சிக்கே கூட்டிட்டுப் போனோமே."

"அவ எங்க வந்தா? வேன்ல அவ இல்லவே இல்லை" என்று பின்னால் இருந்து ஒரு அக்கா சத்தம் போட்டாள். டப்பாவைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்த அதே அக்கா.

போர்மேன் நோட்டைத் திறந்து சித்தப்பா முன்னால் வைத்தார். அவர் முகத்தில் பொய் சொல்கிற குறி ஒன்றும் இல்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அவர் உண்மையிலேயே மறந்துபோயிருக்கலாம். நோட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

சித்தப்பா குனிந்து பார்த்தார். அந்த வரியைக் கட்டைவிரலால் தடவினார். அப்புறம் சட்டைப் பைக்குள் கையை விட்டு, மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு கடிதத்தை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நாக்பூருக்கு நான் எழுதிய கடிதம். அடியில் இருக்கிற கையெழுத்தாவது அவள் போட்டது என்று அவர் நினைத்திருந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவ கையெழுத்துதான் சார்" என்றார். "இந்தச் சுழி அவ சுழிதான்."

பின்னால் சத்தம் போட்ட அக்கா கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துவிட்டாள். புருஷனே சொன்ன பிறகு அவள் என்ன பேசுவாள்?

நான் வாயைத் திறந்திருக்கலாம். தூணுக்கும் மேசைக்கும் பத்தடிதான். ‘நான்தான் போட்டேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? கள்ளக் கையெழுத்துப் போட்டவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரியும். தங்கச்சியைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘தொழிலாளர்களுக்கு உரிய விழிப்புணர்வு அளிக்கப்பட்டிருந்தும், அவர்களின் கவனக்குறைவே காரணம்’ என்று எழுதி முடித்தார்கள். பேப்பரிலும் அப்படித்தான் வந்தது. அந்த ஆபீஸ் தை மாதத்தில் திறந்தது. சாருக்கு மாற்றல் வந்தது. போகும் வரைக்கும் அவர் அந்த டப்பாவைத் திரும்ப எடுக்கவில்லை. அவருக்குப் பிறகு வந்தவர் அதில் சாக்பீஸ் போட்டு வைத்திருந்தார். எட்டாம் வகுப்பு முழுக்க, சாக்பீஸ் எடுத்து வரச் சொன்னால், நாலு கதவில் ஏதோ ஒன்றைத் திறந்துதான் எடுத்துக்கொண்டு வருவேன்.

சித்தப்பா அதற்குப் பிறகு லாரிக்குப் போகவில்லை. டீக்கடையில், கோவில் வாசலில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒன்றையேதான் சொல்வார். "பாத்துட்டு வந்திருக்கா. விளங்கிக்கிட்டேன்னு கையெழுத்தும் போட்டிருக்கா. பாத்தும் அடைச்சிருக்கான்னா எம்புட்டுத் திமிரு பாத்தீகளா? பிள்ளைய ஒரு நிமிசம் நினைச்சாளா?" சாகும் வரைக்கும் சொன்னார். என் தங்கச்சி அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாள், அதைக் கேட்டுக்கொண்டே அவருக்குக் கஞ்சி ஊற்றினாள். என் சித்தி பார்க்க ஆசைப்பட்டவள். பார்த்துவிட்டு வந்து மல்லுக்கு நிற்பேன் என்று சொன்னவள். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். ஊருக்குள் அவள் பெயர், சொல்லியும் கேட்காதவள் என்று நின்றுபோனது.

போன வாரம் உங்கள் டீச்சர் கொடுத்தனுப்பிய சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளும் பட்டாசு ஆபீசுக்குத்தான் போகிறாள், தாயில்பட்டிப் பக்கம். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். "அந்தக் கையெழுத்து நான் போட்டதும்மா."

"தெரியும்ணே" என்றாள். முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். "அம்மா சுழி மேல ஏறும். நீ போடுறது கீழ இறங்கும். அன்னைக்கே பாத்தேன்."

"அப்புறம் ஏன் அப்பாட்ட சொல்லலை?"

"என் மார்க் கார்டு பூராம் அதே சுழிதானே. நாலு பாடத்துல பெயிலு. சொன்னா அதுவும் வெளிய வருமேன்னு பயந்துட்டேன். பத்து வயசு." முறத்தை ஒருதரம் தட்டினாள். "பெரியவளான பிறகு சொல்லியிருக்கலாம். அப்ப உன்னைய அப்பா என்ன நினைப்பாருன்னு இருந்தது. உன்னைய விட்டா எனக்கும் யாரு இருக்கா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, "உங்க ஆபீஸ்ல இப்ப பயிற்சி எல்லாம் குடுக்காகளா?" என்று கேட்டேன்.

"குடுக்காக. டீயும் வடையும். நோட்டுல கையெழுத்து."

"கதவு?"

அவள் முறத்தோடு காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். வெளியே காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆடி பிறந்துவிட்டது.

பிள்ளைகளே, உங்கள் கண்காட்சிக்கு வருகிற மாதிரிகளைப் பற்றி என் மகள் சொன்னாள். நாலு கதவு அறையும் உண்டாம். இப்போது பம்பு கிடையாது, மோட்டார், கலர் லைட்டு, பொத்தான். அதற்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல அவளைத்தான் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்களில் இருந்து வேனில் ஆட்கள் வருவார்களாம். வருகிறவர்கள் பெயரை எழுத வேண்டியதும் அவள்தானாம், எழுத்து நன்றாக இருக்கிறது என்று டீச்சர் சொன்னாராம். என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கதவைத் திறந்துவைத்து முதலில் காட்டுங்கள். யாரும் நிற்க மாட்டார்கள். நிற்காவிட்டாலும் காட்டுங்கள். இன்னொன்றையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். நோட்டை அவரவர் கையில் கொடுங்கள். கையில் வெள்ளி இருந்தால் இருக்கட்டும், தாளில் ஒட்டட்டும், டீச்சர் திட்டினால் என்னிடம் அனுப்புங்கள்.

என் தங்கச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். லோடு ஏறிவிட்டால் அடுத்த வேனில் வருவாளாம். பட்டியலில் அவள் பெயர் இருக்கும். அவள் வந்து நிற்கிற வரைக்கும் அந்த வரியைக் காலியாக விட்டு வை என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். வேன் வராமல் போனால் அது காலியாகவே இருக்கட்டும். நல்ல பேனாவாகக் கொடுத்து, கலர் வாங்கிக் கொடுத்து, யார் கேட்டாலும் எழுதாதே என்றும் அவளிடம் சொன்னேன். அந்த நோட்டை ஒரு நாள் யாராவது திறப்பார்கள். திறக்கிறவர், இவள் ஏன் வரவில்லை, யார் இவளை வர விடவில்லை என்று கேட்கிறதற்கு ஒரு வரியாவது அதில் காலியாக இருக்க வேண்டும்.